பக்கத்து சீட்டுக்காரி

புது லாரி வந்த நாளிலிருந்து அவள் படுக்கையில் உட்கார்ந்துதான் மலை ஏறி இறங்குகிறாள். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் பின்னால், ஓர் ஆள் காலை மடக்கிக்கொண்டு படுக்கிற அளவில் ஒரு மெத்தைப் பலகை. அதற்கு ஒரு திரை. திரையை விலக்கினால் முன்னால் இரண்டு தலைகள் தெரியும். ஒன்று அவள் கணவனுடையது. பதினொரு வருடமாக லாரியில் அந்தத் தலையைப் பக்கவாட்டிலேயே பார்த்து வந்தவளுக்கு, உச்சிக்குப் பின்னால் அது இவ்வளவு காலியாகிவிட்டது என்பது இப்போதுதான் உறைத்தது. இன்னொரு தலை பயிற்சிக்காரியுடையது. அதில் முடிக்குக் குறைவில்லை.

லாரி விற்ற கம்பெனி அனுப்பிவைத்த பெண் அவள். முப்பது வயது இருக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு மலை இறங்குவது எப்படி என்று டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவளுடைய வேலை. இரண்டு நாள் பயிற்சி, மூன்றாம் நாள் தேர்வு. சொல்லிக்கொடுக்கிறவள் டிரைவருக்குப் பக்கத்தில்தானே உட்கார முடியும்? அதனால் பக்கத்து சீட்டுக்காரி பின்னால் போனாள்.

குவாரி மலைக்கு மேலே இருக்கிறது. கல் அறுக்கும் பட்டறை அடிவாரத்தில். நடுவில் ஒன்பது கிலோமீட்டர், பதினான்கு வளைவுகள். காலி வண்டியை மேலே கொண்டுபோவது அவள். இருபத்தெட்டு டன் கல்லோடு கீழே கொண்டுவருவது அவன். இப்படித்தான் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. முதல் வாரம் அப்படி அமைந்தது, அப்படியே நின்றுவிட்டது. கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்பதைப் போல.

இறக்கத்தில் அவளுக்கு இருந்த வேலை ஒரே ஒரு சொல். பாரத்தோடு இறங்கும்போது வண்டியைப் பிடித்து வைக்க வேண்டியது இன்ஜின், பிரேக் அல்ல. பிரேக்கையே நம்பி இறங்கினால் நாலாவது வளைவுக்குள் பிரேக் டிரம் சூடேறிக் காய்ந்து, காலுக்குக் கீழே இருப்பது வெறும் மிதிகட்டை ஆகிவிடும். இன்ஜின் பிடிக்க வேண்டுமானால் கியர் கீழே இருக்க வேண்டும். அதுவும் சரிவு தொடங்குவதற்கு முன்பே. வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் பிறகு கீழ் கியர் விழாது. அவள் கணவனோ எதிலும் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்கிற ஆள். முதல் வருடத்தில் ஒருமுறை அந்தக் கொஞ்ச தூரம் கூடிப்போய், இரண்டு பேரும் மலைச்சுவரை உரசிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு சரிவுக்கும் முப்பது அடி முன்னால், "மூணு." அவன் மூன்றாவது கியரில் போடுவான். அவ்வளவுதான்.

குவாரியில் அவளுக்கு மூணாங்கியர் என்றே பெயராகிப்போனது. கணவனுக்கு மங்கன். கல்லுளிமங்கன் என்பதன் சுருக்கம், லாரிகளை எடை போடுகிற எடைமேடைக்காரர் வைத்தது. வாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் பல் கொட்டிவிடும் என்று பயந்தவன்போல இருப்பான். அவள் "மூணு" என்று சொன்னதற்கு அவன் ஒரு நாளும் சரி என்றோ உம் என்றோ சொன்னதில்லை. கை மட்டும் போகும். அந்தக் கை போவதையே அவள் பேச்சாக எடுத்துக்கொண்டாள். வீட்டில் நாள் முழுக்க எதற்கும் காது கொடுக்காதவன், வளைவுக்கு வளைவு தன் சொல்லுக்குக் கட்டுப்படுகிறான் என்பது அவளுக்குள் ஒரு சொத்தாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமல் வைத்திருந்ததால் அது இன்னும் பெரிய சொத்தாகத் தெரிந்தது.

புது லாரிக்குப் பன்னிரண்டு கியர்கள், கிளட்ச் கிடையாது, எதை எப்போது போடுவது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். அதனால் ஓர் ஆள் போதும் என்றார் மேனேஜர். பயிற்சிக்காரியின் படிவத்தில் ஒரு வரி இருந்தது: இந்த ஓட்டுநர் தனியாகப் பாரம் இறக்கத் தகுதியுள்ளவர். அதில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் துணை ஓட்டுநரான மனைவிக்கு எடைமேடையில் நாற்காலி தயார். "வா மூணாங்கியர்," என்றார் எடைமேடைக்காரர். "இங்க ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. ஃபேனுக்கடியில உக்காந்து சீட்டுக் கிழிச்சுக் குடுக்கலாம்." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் சிரித்துவைத்தாள்.

சீட் போவதை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவள் நினைத்தாள். முதல் நாள் இறக்கத்தில் நடந்தது வேறு.

குவாரி வாசலிலிருந்து கொஞ்ச தூரம் சமதளம். பிறகு சுண்ணாம்பு பூசிய ஒரு பெரிய பாறை. பாறையைத் தாண்டினால் முதல் சரிவு. பாறைக்குச் சற்று முன்னால் பயிற்சிக்காரி சொன்னாள்: "அண்ணா, இங்கயே அஞ்சு. லீவரைத் தட்டி அஞ்சுல பூட்டிடுங்க. அது போக்குல விட்டீங்கன்னா மேல போயிடும்."

"சரிங்க," என்றான் அவன்.

திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு முதலில் யார் பேசியது என்றே புரியவில்லை. வண்டி ஐந்தாவது கியரில் உறுமிக்கொண்டு, கழுத்தில் கயிறு போட்டுப் பிடித்ததுபோல நிதானமாக இறங்கியது. இரண்டாவது வளைவில் அவன் மறுபடி வாயைத் திறந்தான். "அது ஏங்க மேல போகுது?"

கேள்வி. அவள் கணவன் ஒரு கேள்வி கேட்டான்.

பயிற்சிக்காரி பொறுமையாகச் சொன்னாள். மலை இறங்குகிறோம் என்பது வண்டிக்குத் தெரியாது. டிரைவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சாவகாசமாகப் போக நினைக்கிறார் போலிருக்கிறது, டீசலை மிச்சம் பிடிப்போம் என்று அது மேல் கியருக்குப் போய்விடும். மேலே போகப் போக இன்ஜின் பிடி விட்டுவிடும். வேகம் ஏறிய பிறகு லீவரைத் தட்டினால், இன்ஜின் கெட்டுப்போகும் என்று கீழ் கியரை வாங்க மறுத்துவிடும். "அதனால கேக்கறத முன்னாடியே கேட்டுடணும்ணா. வேகம் ஏறிட்டா அது யார் பேச்சையும் கேக்காது."

"ஓகோ," என்றான் அவன். "அப்போ பழைய வண்டில நியூட்ரல் போட்டு விடுற மாதிரி."

"அதேதான்ணா. சரியாப் புடிச்சுட்டீங்க."

டீசல் மிச்சம் என்று சொல்லி, கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விடுகிற பழக்கம் அவனுக்கு இருந்தது. அதை விடவைக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், ஒருமுறை நடு வழியில் இறங்கி நடக்கவும் செய்தாள். அவள் சொன்னதற்கும் இந்தப் பெண் சொன்னதற்கும் ஒரு சொல் வித்தியாசம் கிடையாது. அவளுக்கு இரண்டு வருடம். இவளுக்கு ஒரு வளைவு.

அன்று சாயங்காலம் அவன் சாப்பாட்டு மேசையில் வண்டியின் கையேட்டை விரித்துவைத்துப் படித்தான். கல்யாணப் பத்திரிகையைக்கூட முழுதாகப் படித்தவன் இல்லை. தட்டை வைத்தாள். அவன் பக்கத்தைப் புரட்டினான்.

"அந்தப் பொண்ணு சொல்லுது பாரு," என்று ஆரம்பித்தான், "இறக்கத்துல பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வைக்கக் கூடாதாம். ஒரே மிதியா மிதிச்சு வேகத்தைக் கொறச்சுட்டு, காலை முழுசா எடுத்துடணுமாம். அப்பத்தான் டிரம் ஆறுமாம்."

"அப்படியா?" என்றாள் அவள்.

"ஆமா. நல்ல வெவரமான பொண்ணு."

"இதையே நான் சொன்னப்ப காதுல என்ன வச்சிருந்தீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். நீ எப்போது சொன்னாய் என்று கேட்கக்கூட இல்லை. மறுபடி குனிந்து சாதத்தைப் பிசைந்தான். அவள் சமையல்கட்டுக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினாள். தனக்கு வந்திருப்பது என்ன என்று தனக்கே பிடிபடவில்லை. அவன் அந்தப் பெண்ணை அப்படி இப்படிப் பார்த்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு ஒரு சண்டை உண்டு, அழுகை உண்டு, அக்கம்பக்கத்தில் சொல்லவும் ஒரு கதை உண்டு. இது அப்படி இல்லை. அவன் அண்ணா, அவள் தங்கை, எல்லாம் கண்ணியமாகத்தான் இருக்கிறது. ஒரு கேள்வி கேட்டுவிட்டான் என்று போய் யாரிடம் அழுவது? என் வீட்டுக்காரர் இன்னொருத்திக்குச் சரிங்க என்று சொல்லிவிட்டார் என்றால் ஊரே சிரிக்கும்.

மறுநாள் பயிற்சிக்காரி அவளை முன்னால் கூப்பிட்டாள். "அக்கா, பின்னாடி உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போகும். நீங்க இங்க வாங்க, கொஞ்ச நேரம் நான் அங்க போறேன்." குரலில் கள்ளமே இல்லை. அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. "எனக்கு இங்கயே சௌகரியம்," என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டாள். இழுத்துவிட்டு அதன் ஓரத்து இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

ஏற்றத்தில் அன்று காலி வண்டியை அவளை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினாள். வளைவுகளில் தான் நினைக்கிற நேரத்துக்குச் சரியாக வண்டி தானே கியர் மாற்றியது. மனதைப் படிக்கிற மாதிரி இருந்தது. இவ்வளவு சுகமாக ஒரு லாரி மலை ஏறும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. எப்படிக்கா இருக்கு என்று கேட்டதற்கு, பழைய வண்டியே தேவலை என்றாள்.

இறக்கத்தில் பயிற்சிக்காரி பாறைக்குப் பத்தடி தள்ளி, கொஞ்சம் தாமதமாகத்தான் அஞ்சு என்றாள். திரைக்குப் பின்னால் இருந்தவள் கவனித்தாள். ஏழாவது வளைவில் மறுபடியும் தாமதம். இவளுக்கு மலை தெரியாது, புத்தகம்தான் தெரியும் என்று நினைத்தாள். அந்த நினைப்பை இரவு தூங்கும்வரை வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஆபீஸ் வாசலில் பயிற்சிக்காரி மூன்று பேரும் கேட்கும்படி சொன்னாள். "இன்னைக்குத் தேர்வுண்ணா. நான் வாயே தொறக்க மாட்டேன். ஆபத்துன்னாதான் பேசுவேன். எங்க எந்த கியர், எங்க பிரேக், எல்லாம் உங்க முடிவு." அவன் தலையாட்டினான். இவளும் கேட்டுக்கொண்டாள். பிறகு எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தபோதும், காலையில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதை மட்டும் அவளால் மாற்றிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மேலே போனார்கள். இரண்டு பெரிய கற்களை ஏற்றிச் சங்கிலி போட்டார்கள். அவன் தானே சுற்றிவந்து சங்கிலியை இழுத்துப் பார்த்தான். வாசலைத் தாண்டிச் சமதளத்தில் வண்டி உருண்டது. திரையின் இடுக்கில் அவளுக்குப் பாதை தெரிந்தது. தூரத்தில் வெள்ளைப் பாறை தெரிந்தது.

அவன் வேகத்தைக் கொஞ்சம் தணித்தான். ஒரு கை ஸ்டீரிங்கிலிருந்து இறங்கி லீவர் மேல் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததே தவிர, தட்டவில்லை. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, தூரத்துச் சத்தத்தைக் காதில் வாங்குகிறவன்போல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினொரு வருடத்தில் அவள் பார்த்திராத சாய்வு அது. பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும்போல. அவன் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. தேர்வு, பேச்சு கிடையாது என்பதெல்லாம் அவன் தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அந்தக் கை ஒரு பெண் குரலைக் கேட்ட பிறகுதான் அசையும். பதினொரு வருடம் அதை அப்படிப் பழக்கியவள் அவள்தான்.

சொல் வாய்க்குள் வந்துவிட்டது. அஞ்சு. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டும்விட்டது.

யார் குரலுக்காகக் காத்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். நேற்றும் முந்தாநாளும் அந்த இடத்தில் ஒலித்த குரலுக்காகவா? சொன்னால், எது யார் குரல் என்றுகூடக் கவனிக்காமல் தட்டிவிட்டுப் போவான். சொல்லட்டுமே அவள். விவரமான பெண்தானே. பயிற்சிக்காரி சொல்லமாட்டாள் என்று தெரிந்தேதான் அப்படி நினைத்தாள். எல்லாமே ஒரு மூச்சு நேரம். பாறை கண்ணாடியை நிரப்பிக்கொண்டு வந்து, பக்கவாட்டில் கடந்து, பின்னால் போய்விட்டது. அவள் வாய் மூடியே இருந்தது.

சரிவில் இறங்கியதும் அவன் காலை எடுத்தான். வண்டி அது படித்த பாடத்தைச் செய்தது. ஏழு. எட்டு. இன்ஜினின் உறுமல் தணிந்து, வண்டி இதமாக, லேசாக, வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. பாரமே இல்லாத மாதிரி. முதுகுக்குக் கீழே மெத்தை அதிர்வது நின்றது. இவ்வளவு பயங்கரமான அமைதியை அவள் கேட்டதில்லை.

வேகம் நாற்பது. நாற்பத்தெட்டு. அவன் லீவரைத் தட்டினான். மீட்டர் பலகையில் ஓர் எண் கண்சிமிட்டியது, வண்டி பீப் என்றது, எட்டிலேயே நின்றது. மறுபடி தட்டினான், மறுபடி பீப். முதல் வளைவை எப்படியோ அகலமாக வாங்கித் திருப்பினான். பின்னால் சங்கிலி முனகியது. அவன் பிரேக்கை அரை மிதியாக மிதித்துக்கொண்டே போனான்; டிரம் வாடை படுக்கைவரை வந்தது.

"அரை மிதி வேணாம்ணா," என்றாள் பயிற்சிக்காரி. குரல் உயரவில்லை. "அழுத்தி மிதிங்க. விடாதீங்க. முப்பதுக்குக் கொண்டு வாங்க. வரட்டும். வரட்டும். இப்ப தட்டுங்க."

தட்டினான். ஏழு. ஆறு. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு ஐந்து விழுந்தது. இன்ஜின் தொண்டை கிழியக் கத்தியது. அந்தக் கத்தல்தான் அன்று அவள் கேட்டதிலேயே நல்ல சத்தம். இரண்டாவது வளைவில் வண்டிகள் ஒதுங்க ஒரு திட்டு உண்டு. அங்கே கொண்டுபோய் நிறுத்தினான்.

மூவரும் இறங்கினார்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார்கள். பின் சக்கரங்களிலிருந்து நீலமாகப் புகை கிளம்பியது. காய்ந்த டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விண்டுபோகும், காற்றில்தான் ஆறவேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றாள் பயிற்சிக்காரி. அவள் முகத்தில் ஈயாடவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள்.

கணவன் பின் சக்கரத்தருகே குந்தியிருந்தான். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். புகையைப் பார்த்தபடியே அவன் கேட்டான்.

"முழிச்சிருந்தியா?"

தூங்கிவிட்டேன் என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. படுக்கைதானே. "முழிச்சுதான் இருந்தேன்."

"பாறையைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

பதினொரு வருடத்தில் இந்த மலையில் அவன் அவளைக் கேட்ட முதல் ஏன் அது. எத்தனையோ விதமாக அவள் கேட்க ஆசைப்பட்டது, இப்படி வந்து சேர்ந்தது.

"அந்தப் பொண்ணு சொன்னா சரிங்கறீங்க. ஏங்கன்னு கேக்கறீங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு தடவ ஏன்னு கேட்டிருக்கீங்களா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் என்ன மொழியில் பேசுகிறாள் என்பதுபோல. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அதுல கேக்க என்ன இருக்கு? அந்தப் பொண்ணு சொல்றது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் கேட்டேன்."

"அதை ஒரு தடவ வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்."

"சொல்லணுமா?" என்றான். டிரம்மைப் பார்த்துக்கொண்டே, "வண்டில மூணு பேர் இருந்தோம்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அவள் கல்லில் உட்கார்ந்திருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, எழுதாமல் பேனாவை மட்டும் பிடித்திருந்தாள். யார் வீட்டுப் பெண்ணோ. சாயங்காலம் வந்துவிடுவாள் என்று எங்கேயோ யாரோ நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவளைப் பற்றி மூன்று நாளில் முதல்முறையாக இப்படி ஒன்று தோன்றியது. ஆனாலும் அந்த எரிச்சல் முழுதாகப் போய்விடவில்லை. வெட்கம் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே பலகையில் இருந்தன.

டிரம் ஆறியதும் பயிற்சிக்காரி எழுந்து வந்தாள். "ஏன்ணா லேட் பண்ணீங்க? நேத்து முழுக்க நல்லாத்தானே பண்ணீங்க."

"இவதான் சொல்லுவா," என்று அவன் மனைவியைக் காட்டினான். "பழைய வண்டில. எங்க போடணும்னு இவ சொல்லுவா, நான் போடுவேன். ரெண்டு நாளா நீங்க சொன்னீங்க. இன்னைக்கு யாரும் சொல்லல."

பயிற்சிக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்க நினைத்ததற்குப் பதிலை அவன் மனைவியின் முகத்திலேயே படித்துவிட்டாள் என்று தோன்றியது. "இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கு," என்றாள். "அதைப் பாத்துட்டு எழுதறேன்."

மறுபடியும் அவரவர் இடத்தில் ஏறினார்கள். இந்தத் தடவை அவள் திரையை முழுக்க விலக்கிவைத்தாள். இடுக்கில் கண்ணை வைப்பதற்கு இனி ஒன்றுமில்லை. அடுத்த சரிவு வந்தது. கை லீவருக்கு வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் சொல்லத் தயார். பொறாமை இல்லாமல், பயத்தோடு, உரக்கச் சொல்லத் தயார்.

"அஞ்சு," என்றான் அவன்.

தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் சொல்கிற அதே இழுப்பு இல்லாத குரலில், அவள் சொல்கிற அதே முப்பது அடி முன்னால். கை தட்டியது, ஐந்து விழுந்தது, இன்ஜின் பிடித்தது. அடுத்த வளைவிலும் சொன்னான். பன்னிரண்டு வளைவுகளுக்கும் சொன்னான். எட்டாவது வளைவில் மட்டும் நான்கு என்றான். அங்கே சரிவு கூட, நான்குதான் சரி, அது கையேட்டில் இருக்காது. அவன் சொல்லச் சொல்ல, சின்ன வயதில் அவள் பத்திரமாக வைத்திருந்த சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு திரிவதைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. அவனுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியும் இருந்தது.

பட்டறை வாசலில் வண்டி நின்றது. பயிற்சிக்காரி பின்னால் திரும்பினாள். படிவம் மடியில் இருந்தது. அந்த ஒரு வரி காலியாக இருந்தது.

"அக்கா, மேல நடந்தது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஏழு கிலோமீட்டர் பாத்தாச்சு. ஆனா இந்த மலை எனக்கு மூணு நாள், உங்களுக்குப் பதினோரு வருஷம். நீங்களே சொல்லுங்க. இவர் தனியா இறக்கிடுவாரா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அதில் பொய்கூட அதிகம் இருக்காது. இரண்டாவது வளைவில் காய்ந்த டிரம் இன்னும் முழுசாக ஆறியிருக்காது. இல்லை என்றால் அவளுக்குச் சீட் உண்டு, அவனுக்குப் பக்கத்தில், பழையபடி. கணவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை சாயவில்லை. இந்தச் சொல்லுக்கு அவன் காத்திருக்கவில்லை, அல்லது காத்திருப்பதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"இறக்கிடுவார்," என்றாள். "வாயைத் தொறந்து சொல்லிக்கிட்டே இறக்கினா இறக்கிடுவார்."

பயிற்சிக்காரி கையெழுத்துப் போட்டாள். பேனா ஓடிய சத்தம் சின்னதாகக் கேட்டது. எடைமேடை, ஃபேன், சீட்டுப் புத்தகம் எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. அப்போதுதான், முன்கூட்டி யோசிக்காத ஒன்றை அவள் வாய் சொன்னது.

"எனக்கு ஒரு ஃபாரம் இருக்கா?"

"எதுக்குக்கா?"

"இறக்கறதுக்கு. இன்னும் ரெண்டு புது வண்டி நிக்குதே. எனக்கும் லைசென்ஸ் இருக்கு."

கணவன் திரும்பினான். பார்த்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கிப்போய்ச் சங்கிலியைக் கழற்ற ஆரம்பித்தான்.

பயிற்சிக்காரி பைக்குள் துழாவி இன்னொரு படிவம் எடுத்தாள். கீழே இறங்கி, வண்டியின் பக்கவாட்டுப் பலகையில் வைத்து நிரப்பினாள். வயது, லைசென்ஸ் எண். "பாரத்தோட மலை இறக்கின அனுபவம், எத்தனை வருஷம்?"

அவள் யோசித்தாள். "இல்ல. காலி வண்டிதான் ஓட்டியிருக்கேன்."

"அப்போ ஒண்ணும் இல்லன்னு போடவா?"

"பதினொண்ணுன்னு எழுதுங்க," என்றது வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். சங்கிலி தரையில் விழுந்தது. "ஸ்டீரிங் மட்டும்தான் என்கிட்ட இருந்துச்சு."

புகழ்வதுபோல இல்லை அது. குறை சொல்வதுபோலவும் இல்லை. தன் இடம் கைவிட்டுப் போவதைப் பார்க்கிறவனின் குரல். மூன்று நாளாக அவளுக்குள் எரிந்துகொண்டிருந்ததே, அதே சாமான். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததில் ஒரு சந்தோஷம் வந்தது. அது நல்ல சந்தோஷம்தானா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பயிற்சிக்காரி எழுதினாள். அவளுக்குத் தேர்வு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, நடுவில் ஒரு நாள் பயிற்சி என்றாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தான்.

"பின்னாடி படுக்கையில யாராவது வரலாமாங்க?" என்று கேட்டான்.

"வரலாம்ணா. ஆனா தேர்வு நடக்கறப்ப வாயைத் தொறக்கக் கூடாது."

"அதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லீங்க," என்றான் அவன்.

பயிற்சிக்காரி சிரித்துவிட்டாள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிக்காத அவன் முகத்தைப் பார்த்ததும், பாறையருகே தான் வாயை மூடிக்கொண்டது ஞாபகம் வர, வந்த சிரிப்பு நின்றுவிட்டது.